உரியவர் வந்து கேட்கவும்

மணலோடையில் ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, நானூறு வீட்டாரும் அவரவர் பாயிலும் கட்டிலிலும்தான் எழுந்தார்கள், ஆனால் அந்த இரவில் ஒருவரும் தம்முடைய கனவைக் கண்டிருக்கவில்லை. ரேஷன் கடையில் எடை போடும் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்த களைப்போடு எழுந்து தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏழு மாதக் கர்ப்பிணியான வேலம்மாள் விடிய விடியச் சர்க்கரை மூட்டை தூக்கிய தோள்வலியோடு எழுந்தாள். பள்ளிவாசல் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஜெஸிமா, தனக்கு இல்லாத மீசையை யாரோ மழித்துவிட்டார்கள் என்று தலையணை நனைய அழுதிருந்தாள்.

அந்த ஊரில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும், விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் வந்து நிற்கும், குடத்துக்குப் பின்னால் மனிதர்கள் நிற்பார்கள். அந்த வரிசையில்தான் விஷயம் வெளிப்பட்டது. வேலம்மாள் தோள்வலியைச் சொன்னாள், தங்கப்பழம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஆத்தா, நீ பெறப்போறது பொம்பளப் பிள்ளை, வலது காதுல மச்சம். நான் இப்பத்தான் பாத்துட்டு வாரேன்" என்றார். வரிசை சிரித்தது. பிறகு ஒவ்வொருவரும் தம் கனவை நினைத்துப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, அதைப் பிடிக்கிற வேலை இருந்தது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது பெரியவர்கள் வாக்கு, ஆனால் அது யாருக்குப் பலிக்கும், கண்டவருக்கா உடையவருக்கா என்பதில்தான் ஊர் பத்து நாள் அல்லாடியது; ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் இதற்கு இடமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதன்பின் மக்களே முறைமைகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைத்த கனவை உரியவரிடம் முகத்துக்கு நேராக, ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். உரியவர் கேட்டு முடித்து, "வந்து சேர்ந்தது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் இரவுதோறும் அதே ஆளிடம் வந்து, முகவரி தெரியாத விருந்தாளியைப்போல நின்றுகொண்டிருக்கும். உரியவர் தெரியாத கனவுகளுக்காகப் பஞ்சாயத்தார் குழாயடியில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். ரயில், பச்சைத் துண்டு, அழுகிற மாமா. வேப்பமரத்தில் காய்க்கும் கண்ணாடி. பல் விழுந்து அதை விதைப்பது. ஒவ்வொன்றின் கீழும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும்: உரியவர் வந்து கேட்கவும்.

ஊர் கொஞ்சம் மாறிப்போனது. காலையில் யாரையும் வைவதற்கு நாக்கு தயங்கியது, ஏனென்றால் எதிரில் நிற்பவர் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறாரோ, அது தன்னுடையதாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது. இரண்டு மாதம் பார்த்து ஊர் இன்னொரு விதியையும் வகுத்தது: ஒரு வீட்டின் கனவு அதே வீட்டுக்குள் போகாது. அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததாக எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒருத்தியின் கனவு மட்டும் யாரிடமும் வந்து சேரவில்லை. அவள் பஞ்சவர்ணம். எட்டு வருடங்களுக்கு முன்னால், அவளுடைய நான்கு வயது மகன் முத்திருளன் ஊருணியில் மூழ்கி இறந்த அன்று பேச்சை நிறுத்தியவள். ஊமை அல்ல, பேசுவதில்லை. வாயில்லாதவளின் கனவு எப்படி வெளியே வரும் என்று ஊர் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பலகையில் அவளுக்கு இடம் வைக்காமல் விட்டது.

அவள் மகள் சந்தனமாரிக்கு அப்போது பதினேழு வயது. தம்பி இறந்த அன்று அவளுக்கு ஒன்பது. அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. ஊருணிப் படியில் நின்று, அவிழ்ந்துபோன சிவப்பு ரிப்பனைக் கட்டுவதற்காக அவன் கையை விட்டாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. அதற்கு மேல் நடந்ததை ஊர்தான் சொன்னது: பிள்ளை தண்ணிக்குள்ள கிடக்க, இது கரையில மரம் மாதிரி நின்னுச்சு. பள்ளிக்கூடத்தில், கோயிலில், குழாயடியில், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நேற்றுப் பெய்த மழையைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். லாரி ஓட்டப்போய் மாதம் ஒருமுறை வீடு வரும் அப்பாவும் அதைப்பற்றி எதுவும் கேட்டதில்லை. அம்மா பேசாமல் போனது தன்மேல் உள்ள கோபத்தால்தானா? எட்டு வருடமாக அவளுக்குள் இருந்தது இந்த ஒரு கேள்விதான். பதில் சொல்லக்கூடிய ஒரே வாய் மூடியிருந்தது.

ஒவ்வொரு காலையும் பஞ்சவர்ணம் மகளைத் தன் முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, தலை பின்னிவிடுவாள். கண்ணில் நீர் வரும்படி இழுத்துப் பின்னுவாள். அந்த முடியை வெட்ட விட்டதில்லை, எந்தக் கோயிலுக்கும் காணிக்கை கொடுக்க விட்டதில்லை. இது தண்டனை என்றுதான் சந்தனமாரி நினைத்திருந்தாள், தண்டனை என்பதால் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அந்த வருடம்தான் மணலோடை மேல்நிலைப் பள்ளிக்கு உளவியல் பாடம் வந்தது. அரசு உத்தரவில் ஊர்ப் பெயரை எழுதுவதில் ஏற்பட்ட ஏதோ பிழையால் வேறு ஊருக்குப் போக வேண்டிய பாடம் இங்கே வந்துவிட்டது என்று சொன்னார்கள். சந்தனமாரியும் ஜெஸிமாவும் உட்பட ஐந்து மாணவிகள் சேர்ந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து எப்சிபா டீச்சர் வந்தார், இருபத்தாறு வயது, புது வேலை. முதல் வாரத்திலேயே தங்கப்பழத்தின் கண்ணில் ஒரு கடல் காட்சியாகத் தன் கனவு அகப்பட்டு, குழாயடியில் நாற்பது பேர் முன்னால், "வந்து சேர்ந்தது அண்ணாச்சி" என்று முகம் சிவந்து பெற்றுக்கொண்டவர்.

முதல் வகுப்பில் அவர் ஒரு கொய்யாப்பழத்தை மேசைமேல் வைத்தார்.

"இது என்ன?"

"கொய்யாப்பழம், டீச்சர்."

"தப்பு."

"அப்ப சீத்தாப்பழமா டீச்சர்?" என்றாள் ஜெஸிமா.

"கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லு. உனக்கு முன்னாடியே தெரிஞ்சதைச் சொல்லாதே."

வெகுநேரம் யோசித்து ஒருத்தி மஞ்சள் என்றாள். ஒரு பக்கம் பச்சை என்றாள் இன்னொருத்தி. உருண்டை, ஒரு கறுப்புப் புள்ளி, மூக்குக்கு இனிப்பு.

"டீச்சர், மஞ்சளா உருண்டையா ஒரு கிலோ குடுங்கன்னு சந்தையில கேட்டா, தலையில தண்ணிய ஊத்தி விடுவாங்க" என்றாள் ஜெஸிமா.

எப்சிபா டீச்சரும் சிரித்தார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்றார். மனத்தை அதன் சிறுசிறு உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நம்பினார்கள். பெயரை ஒதுக்கிவிட்டு, உணர்வதை மட்டும் சொல்லப் பழகினார்கள். அதற்கு அகநோக்கு என்று பெயர். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள், ஒருவன் உள்ளே பார்த்துச் சொல்வதை இன்னொருவன் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டார்கள், அந்தச் சிந்தனைப் பள்ளி மூடிப்போயிற்று. "பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியா வரும்" என்று சொல்லி அவர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருத்தியும் ஒரு மனிதரைப் பற்றித் தனிநபர் ஆய்வு எழுத வேண்டும். நோக்கம், முறை, உற்றுநோக்கல், முடிவு. சந்தனமாரி ரெக்கார்டு நோட்டில் ஆய்வுக்குரியவர் என்ற இடத்தில் "ப., வயது நாற்பத்தொன்று" என்று எழுதினாள். நோக்கம் என்ற இடத்தில், "ப. ஏன் பேசுவதில்லை என்பதை அறிதல்" என்று எழுதினாள்.

புரட்டாசியில் நடத்தைவாதம் வந்தது. மனத்தை யாரும் பார்க்க முடியாது, செய்கையைத்தான் பார்க்க முடியும்; பலன் கிடைக்கிற செய்கை நிலைக்கும், பலன் கிடைக்காதது தேய்ந்துபோகும். சந்தனமாரி இதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அம்மா கையசைத்துத் தண்ணீர் கேட்டபோது பார்க்காததுபோல் இருந்தாள், சாடை பலிக்காவிட்டால் சொல் வரும் என்று காத்திருந்தாள். மூன்று நாள். நான்காம் நாள் பஞ்சவர்ணம் கையசைப்பதையும் நிறுத்திவிட்டு, தானே எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு குடித்து, மகளுக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து வைத்தாள். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தை அவள் பசை போட்டு ஒட்டிவிட்டாள்.

ஐப்பசியில் உளப்பகுப்பாய்வு வந்தது, அது ஜெஸிமாவைப் பிடித்து ஆட்டியது. நனவிலி மனம், அமுக்கப்பட்ட ஆசை, கனவு போடும் வேஷம். பலகையில் இருந்த கனவுகளுக்கெல்லாம் அவள் குழாயடியில் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். பல் விழுந்த கனவுக்கு அவள் சொன்ன விளக்கத்தைக் கேட்டு வேலம்மாளின் மாமியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை துரத்தினாள். மூச்சு வாங்க வந்து சந்தனமாரியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஜெஸிமா அதைச் சொன்னாள்.

"உங்கம்மா பேசாம இருக்கறது சும்மா இல்லடி. உள்ள ஒரு கோபத்தை அமுக்கி வச்சிருக்காங்க. வாயைத் திறந்தா அது வந்துரும்னு பயம்."

"யார் மேல?"

ஜெஸிமா தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில், மனம் துண்டுகளை அல்ல முழுமையையே பார்க்கிறது என்னும் முழுமைக்காட்சி, மார்கழியில் மனிதநேய உளவியல். ஒருவரை எடைபோடாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு, அதுவே மருந்து என்றது அந்தப் பாடம். சந்தனமாரி மாலைதோறும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் கீரை ஆய்ந்தாள், முறத்தில் அரிசி புடைத்தாள், மகளின் சடையை எடுத்து நுனி வெடித்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் உற்றுநோக்கல் பதினோரு பக்கம் ஆயிற்று, முடிவு என்ற தலைப்புக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. குழாயடியில் கேட்டபோதெல்லாம் தனக்கு யாருடைய கனவும் வருவதில்லை என்று சொல்லியிருந்தாள். அவளுடைய கனவுகள், பேருந்தைத் தவறவிடுவதும் கணக்குத் தாள் வெள்ளையாக இருப்பதும், வேலம்மாளிடம் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஆனால் ஆவணி முதல் இரவுதோறும் அவளுக்கு வந்ததோ ஒரே கனவு. தண்ணீர், தண்ணீரில் தலை; பதறி எழுந்ததும் மிச்சத்தை நினைக்காமல் தள்ளிவிடுவாள். மணலோடையிலேயே தன்னுடைய கனவு தன்னிடமே வருகிறவள் தான் ஒருத்திதான், அதுவும் அந்தப் பாவத்தின் கூலியாகத்தான் என்று நம்பினாள். இதை எந்தப் பலகையில் எழுதுவது, யார் வந்து கேட்பார்கள்?

மாசி மாதம் செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது எப்சிபா டீச்சர் நோட்டுகளைத் திருத்தினார். சந்தனமாரியின் நோட்டை நெடுநேரம் வைத்திருந்தார். ப. யார் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்தவங்க மனசைப் பத்திப் பதினோரு பக்கம் எழுதியிருக்க. அகநோக்குக்கு ஒரு பக்கம் எழுதணுமே, உன் சொந்த அனுபவம் ஏதாவது ஒண்ணு, அதைக் காணோமே."

"எழுத ஒண்ணும் இல்லை டீச்சர்."

"கொய்யாப்பழம் ஞாபகம் இருக்கா? பேரை எடுத்துட்டுப் பாரு. இருக்கும்."

மதிய இடைவேளையில், மற்றவர்கள் சாப்பிடப் போன பின், காலி வகுப்பறையில் உட்கார்ந்து சந்தனமாரி அந்தக் கனவை எழுதினாள். முதலில் "என் தம்பி இறந்த கனவு" என்று எழுதி, அது முன்பே தெரிந்தது, கண்ணுக்குத் தெரிவது அல்ல என்று அடித்தாள். "என் குற்றம்" என்று எழுதி, அதையும் அடித்தாள். அடிக்க அடிக்க, எட்டு வருடமாகப் பெயர் வைத்து மூடியிருந்த பாத்திரத்தின் மூடி விலகுவதுபோல் இருந்தது. பிறகு இப்படி எழுதினாள்:

பழுப்பு நிறத் தண்ணீர். என் இடுப்புவரை இருக்கிறது. காலைச் சுற்றி ஈரத் துணி, நிறையத் துணி, கனக்கிறது. முன்னால் இரண்டு கைகள் நீண்டிருக்கின்றன. பச்சைக் கண்ணாடி வளையல்கள். இடது மணிக்கட்டுக்கு மேல் அரிசி அளவில் ஒரு தழும்பு. தண்ணீரில் இரண்டு தலைகள். ஒன்று மொட்டை, மேலே சந்தனம் பூசியது. ஒன்றில் கறுப்பு முடி, அவிழ்ந்த சிவப்பு ரிப்பன். இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்கின்றன. இடது கைக்குள் வழவழப்பு, குளிர்ச்சி, பிறகு ஒன்றுமில்லை. வலது கைக்குள் முடி.

எழுதி முடித்துத் தன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இல்லை. தோசைக்கல் சுட்ட அந்தத் தழும்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் எண்ணெயோடு அவள் காதருகே வந்துபோகிற கை அது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஊருணித் தண்ணீர் இடுப்பளவோடு நிற்காது, தலைக்கு மேல் போகும். ஒன்பது வயதில் அவள் புடவை கட்டியதில்லை. அந்தச் சிவப்பு ரிப்பன் கரையில் இல்லை, தண்ணீருக்குள் இருந்தது. விதியைச் சொல்லிக்கொண்டு ஊர் தேடாமலே விட்டிருக்க, அந்தக் கனவு ஒரு சுவரைக்கூடத் தாண்டாமல் பக்கத்துப் பாய்க்கு வந்து, ஆறு மாதமாக அவளிடமே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் வழக்கம்போல் அவளை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்பது முறை. சந்தனமாரியால் திரும்ப முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, தலையை அம்மாவின் கையில் கொடுத்தபடி சொன்னாள்.

"அம்மா, உன் கனவு எங்கிட்ட இருக்கு."

சீப்பு நின்றது.

அவள் எழுதியதை எழுதியபடியே சொன்னாள், தண்ணீர், துணி, வளையல், தழும்பு. மொட்டை என்று சொன்னபோது முடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவது அவளுடைய தலையில் தெரிந்தது. வழவழப்பு என்றாள், பிறகு ஒன்றுமில்லை என்றாள். "வலது கைக்குள்ள முடி" என்று முடித்துவிட்டுக் காத்திருந்தாள். வாசலில் ஒரு கோழி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

எட்டு வருடம் புழங்காத குரல், துருப்பிடித்த நாதாங்கியைப்போல முதலில் சத்தமாக மட்டும் வந்தது. பிறகுதான் சொல்லாயிற்று.

"வழுக்கிருச்சு தாயி."

பஞ்சவர்ணம் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அதுக்குப் பத்து நாளைக்கு முன்னதான் அவனுக்குக் குலசாமி கோயில்ல மொட்டை போட்டோம். காய்ச்சல் விட்டா முடி தாரேன்னு நாந்தான் நேந்தேன். இந்த வாயாலதான் நேந்தேன். பக்கத்துல துவைச்சுக்கிட்டு இருந்தவ ஓடியாந்து ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பிடிச்சேன். உன் முடி கையில நின்னுச்சு. அவன் தலை நிக்கல."

"நான் கரையில நிக்கலையாம்மா?"

"யாரு சொன்னா? அவன் பின்னாடியே நீயும் எறங்கிட்ட. அவனைப் பிடிக்கத்தான் எறங்குன. உன்னை இழுத்துப் படியில போட்டுட்டு நான் திரும்பவும் போனேன். ஊரு வந்தப்ப நீ படியில நின்ன. ஈரமா நின்ன. அதை ஒருத்தரும் பாக்கல."

முடியின் மூன்று பிரிவுகளும் பஞ்சவர்ணத்தின் விரல்களுக்கிடையில் பின்னப்படாமல் கிடந்தன. ஒவ்வொரு காலையும் அந்தக் கை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்பது அப்போதுதான் சந்தனமாரிக்குத் தெரிந்தது. அவள் பின்பக்கமாகக் கையை நீட்டி, அந்தத் தழும்பைத் தொட்டாள்.

"வந்து சேர்ந்தது" என்றாள் பஞ்சவர்ணம், முறைப்படி. அதன்பின் பின்னத் தொடங்கினாள். அன்று தளரப் பின்னினாள்.

ரெக்கார்டு நோட்டில் முடிவு என்ற தலைப்பின் கீழ், "ஆய்வுக்குரியவர் இன்று பேசினார்" என்ற ஒரு வரியை மட்டும் சந்தனமாரி எழுதினாள். எந்தப் பள்ளியின் கொள்கைப்படி என்று கேட்டு எப்சிபா டீச்சர் எதையும் அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட மறந்துவிட்டார்.

அடுத்துத் தண்ணீர் வந்த நாளில் குடங்கள் வரிசையாக நின்றன. தங்கப்பழம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார். "இங்க பாருங்க, எந்தலையில ஒரு முடி கிடையாது, ராத்திரி பூரா சடை பின்னியிருக்கேன். அம்மாடி, எம்புட்டு முடி, பின்னப் பின்ன முடியல. பக்கத்துல ஒரு மொட்டைப் பய உக்காந்துக்கிட்டு ரிப்பனைக் குடுறான்னா குடுக்க மாட்டேங்கிறான், சிரிக்கிறான். ஆருதுப்பா இது? நல்ல கனவு, திருப்பிக் குடுக்கவே மனசில்ல."

பெண்கள் சிரித்தார்கள். உரியவர் என்று யாரும் வந்து கேட்கவில்லை. பலகையில் எழுதிவிடலாம் என்று வேலம்மாள் சுண்ணாம்புக்கட்டியைத் தேடினாள்.

வரிசையில் ஏழாவது குடத்தின் பின்னால் நின்ற பஞ்சவர்ணம் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அது என்னுது அண்ணாச்சி" என்றாள்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதல் குடம் நிறைந்து, கழுத்தைத் தாண்டி, மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் வரும் அந்தத் தண்ணீர் மண்ணில் வழிந்து ஓடியது, அடுத்த குடத்தை எடுத்து வைக்க அங்கே ஒருவருக்கும் கை எழவில்லை.